கோட்டுக்கு வெளியே தண்ணீர்

தம்பலகாமச் சந்தி பின்னால் மறைந்து வெகுநேரமாகியிருந்தது. கண்டி வீதியில் திருகோணமலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேர்ட், ஒரு போர்வை. செருப்பில் ஒன்றின் வார் அறுந்துபோக, அதைக் கம்பியால் கட்டியிருந்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்ததால் வயல்களில் தண்ணீர் நின்றது.

நான் விட்டுவந்த இடம் ஒரு அரிசி ஆலை. வேலை மோசமில்லை. நெல் அவிக்க வேண்டும், களத்தில் பரப்ப வேண்டும், வானம் இருண்டால் ஓடிப்போய்க் கூட்டி மூட வேண்டும். சாப்பாடும் தந்தார்கள். பொழுதுபட்டதும் முதலாளி கேற்றைப் பூட்டித் திறப்பைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நெல் மணத்துக்கு யானை மதிலை இடித்துக்கொண்டு வருகிற ஊர் அது; அவரில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் பூட்டிய கேற்றுக்குள் எனக்கு நித்திரை வராது. சில நாள் முயன்று பார்த்தேன். பிறகு ஒரு காலையில் கேற்றைத் திறந்ததும் வெளிக்கிட்டுவிட்டேன். முதலாளி ஏன் என்று கேட்டார். கால் கடிக்கிறது என்று சொன்னேன். ஒரே இடத்தில் நிற்க ஏலாது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்; அவர் அதைக் கால் நோவு என்று நினைத்து எண்ணெய் பூசச் சொன்னார்.

சண்டை முடிந்த வருசம் நானும் முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருந்தவன்தான். அதைப்பற்றி எழுத என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் வெளியே போகிற வழி எது என்று முதலில் பார்க்கிற பழக்கம் அங்கே வந்ததா, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடிய நாளிலேயே இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. இருக்கிறது, அவ்வளவுதான்.

சீனக்குடாவை நெருங்கும்போது மழை பிடித்தது. ஒதுங்க ஒரு கூரையும் இல்லை. என்னைத் தாண்டிப்போன ஆட்டோ ஒன்று நின்று, பின்னுக்கு வந்தது. ஓட்டியவர் கிண்ணியாக்காரர், என் வயதுதான் இருக்கும். ஏறச் சொன்னார். காசு இல்லை என்றேன். காசு கேட்டதாகத் தனக்கு நினைவில்லை என்றார். அன்புவழிபுரத்துக்கு நாடகம் பழகப் போவதாகச் சொன்னார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். சவாரியை விட்டுவிட்டு யாராவது நாடகம் பழகப் போவார்களா?

அவர் சொன்னது உண்மைதான். சனசமூக நிலையத்தின் மண்டபத்துக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே போய்த் தலையைத் துடைக்கச் சொன்னார். தகரக் கூரை. முன்னால் பெரிய கதவு, பக்கத்தில் ஒழுங்கைக்குத் திறக்கும் சின்னக் கதவு. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் நீளமாக ஒரு பெட்டி கீறியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் ஏழெட்டுப் பேர் சாக்குகளிலும் கதிரைகளிலும் நெருக்கமாக இருந்தார்கள். வெளியே இவ்வளவு இடம் கிடக்க ஏன் இப்படி ஒடுங்கியிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதே நேரம் ஒரு பெண் வெற்றிலைத் தட்டம் ஒன்றை ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் நின்ற ஆண்கள் ஒவ்வொருவரிடமும் போய்க்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கந்தோர் வேலைக்கு உடுக்கிற சேலை, கண்ணாடி. ஒவ்வொருவரும் தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கையால் மெல்லத் தள்ளினார்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் தள்ளினார். தட்டம் என்னிடம் வந்தது. வெற்றிலை, பாக்கு, நடுவில் ஒரு கதலி வாழைப்பழம். வந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பழத்தை எடுத்து உரித்து வாயில் வைத்தேன்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பிறகு ஆட்டோக்காரர் சிரிக்கத் தொடங்கினார். பெட்டிக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். தட்டம் பிடித்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"விழுங்குங்கோ தம்பி," என்றார். "விழுங்கிப்போட்டு வாங்கோ. பேச்சுப் பெரிசா இல்லை."

அந்தத் தட்டத்தின் கதையைப் பிறகுதான் சொன்னார்கள். கூத்து ஆடுகிற ஊர்களில் பாத்திரம் கொடுக்கும்போது தட்டம் வைப்பார்களாம். அதில் எடுத்தவர் அரங்கேற்றம் முடியும்வரை ஊரைவிட்டுப் போவதில்லை. இவர்கள் போடுவது கூத்து இல்லை. ஆனால் அக்காவின் தாய்வழி ஊர் கூத்து ஊர். தட்டம் இல்லாமல் அவர் ஒரு வேலையும் தொடங்கமாட்டார். கிண்ணியாக்காரரும் அந்தத் தட்டத்தில் எடுத்தவர்தான். எனக்கு வந்த பாத்திரத்தை முதலில் எடுத்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். அதற்காகத்தான் அன்றைக்குத் தட்டம் இரண்டாம் முறை சுற்றியது. ஊரில் எல்லோருக்கும் விசயம் தெரியும், அதனால் எல்லோரும் தள்ளினார்கள். தெரியாத ஒருவன் பசியோடு வந்து பழத்தைத் தின்றுவிட்டான்.

"நான் போனால் வேற ஆளுக்குக் குடுக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஒரு பாத்திரத்துக்கு மூன்றாந்தரம் தட்டம் வைக்கிறதில்லை," என்றார் அக்கா. "நீங்கள் போனால் நாடகம் அவ்வளவுதான்."

மிரட்டுவதுபோல அவர் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவருக்கு இடமாற்றம் வந்திருந்தது. வருசம் பிறந்தால் மன்னாருக்குப் போகவேண்டும். முன்பும் இதே நாடகத்தைத் தொடங்கி, ஆட்கள் விட்டுப்போனதால் நிறுத்தியிருக்கிறார். இந்தமுறை நடக்காவிட்டால் இனி இல்லை. இதை நாடகத்தில் நடித்த, தையல்கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி என்னிடம் இரகசியமாகச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு என் இடுப்பை அளவெடுத்தார்.

நாடகம் நடப்பது ஒரு பாதையில். பாலங்கள் வருமுன் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போன தட்டையான மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம். எந்தத் துறை என்று நாடகத்தில் இல்லை. ஒரு பின்னேரம் நடுத் தண்ணீரில் இழுவைக் கம்பி எதிலோ சிக்கி, பாதை நின்றுவிடுகிறது. அதில் ஒரு கல்யாணப் பகுதி, ஒரு யாவாரி, பாதைக்காரர், இன்னும் சிலர். கரைக்குப் போக வழியில்லாமல் சண்டைபிடிக்கிறார்கள், சாப்பாட்டைப் பங்கிடுகிறார்கள், மறுபடியும் சண்டைபிடிக்கிறார்கள். மூலையில் ஒரு சாக்கின் மேல் யாருக்கும் தெரியாத ஒரு ஆள் பேசாமல் இருக்கிறான். கடைசியில் அவன் தண்ணீருக்குள் இறங்கிக் கம்பியை எடுத்துவிட, பாதை நகர்கிறது. அந்த ஆள்தான் நான்.

வெண்கட்டிக் கோட்டுக்கு வெளியே தண்ணீர். இதுதான் அக்காவின் சட்டம். நாடகம் தொடங்கினால் முடியும்வரை எல்லோரும் கோட்டுக்குள். ஒரு விரல் வெளியே போனாலும், "கால் தண்ணிக்குள்ள," என்பார். பிறகு முதல் வசனத்திலிருந்து தொடங்க வேண்டும். யாவாரியாக நடித்தவர் புகையிரதப் பகுதியில் ஓய்வுபெற்ற ஐயா. அவர் சாக்கில் நித்திரையாகிக் காலை நீட்டிவிடுவார். அவருடைய காலால் நாங்கள் முழு நாடகத்தையும் எத்தனையோ முறை திரும்பத் தொடங்கினோம். பாதைக்காரராக நடித்த கிண்ணியாக்காரர், ஐயாவின் காலைக் கயிற்றால் கட்டி வைக்கலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டார். ஐயா கண்ணைத் திறக்காமலே, சந்திக்குப் போகக் கேட்டால் ஊரைச் சுற்றி ஓட்டிக் காசு வாங்குகிறவருக்குத் தன் கால் நீள்வது மட்டும் தெரிகிறதா என்று கேட்டார்.

எனக்குப் பேச்சில்லை. கடைசியில் ஒரு வசனம் மட்டும். ஆனால் எல்லோருக்கும் முன்னால் வந்து இருந்து, எல்லோருக்கும் பிறகு எழும்ப வேண்டும். கோடுதானே, வெறும் வெண்கட்டிதானே என்று சொல்லலாம். நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் நாள் ஒத்திகையின் பாதியிலேயே என் சேர்ட் முதுகில் ஒட்டிவிட்டது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது, அப்படியே வைத்திருங்கோ என்றார்.

ஒத்திகை முடிந்ததும் அக்காவிடம் போய் ஒரு நிபந்தனை சொன்னேன். நான் இருக்கிற நேரம் பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தையல்கடைத் தங்கச்சி வெளியே போய் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அதன் பிறகு சாக்கிலிருந்து பார்த்தால் ஒழுங்கையில் ஒரு துண்டு தெரியும். எதிர்வீட்டு வேலி, ஒரு முருங்கை, வேலியில் சாத்திய சைக்கிள். சைக்கிள்காரர் சில நாள் பிந்தி வருவார். சைக்கிள் இல்லாத நாட்களில் எனக்கு ஒத்திகை நீளமாகத் தெரியும்.

தங்கவும் அந்த மண்டபத்தையே தந்தார்கள். முன் கதவை மண்டபத்துப் பெரியவர் வெளியே பூட்டிக்கொண்டு போவார். பக்கக் கதவின் கொண்டி உட்பக்கம் இருந்ததால் சம்மதித்தேன். பகலில் கிடைத்த வேலை செய்தேன். மீன் வாடியில் பெட்டி கழுவினேன், ஒரு வீட்டுக்கு மண் அள்ளினேன். இரண்டு கிழமைக்கு மேல் ஒரு ஊரில் நிற்காதவன் நான். அந்த நாட்களில் எனக்குக் கால் கடித்த மாதிரி வேறெப்போதும் கடித்ததில்லை.

ஒரு நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு வந்தேன். மட்டக்களப்புப் பஸ் வந்தால் ஏறுவது என்று முடிவு. தேத்தண்ணிக் கடைக்காரர் கண்டுவிட்டு, என்ன பாதை ஆள், கம்பி எடுக்க இப்பவே வெளிக்கிட்டாச்சோ என்று கேட்டார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். என்னை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயர் தெரியாது, நான் பழம் தின்ற ஆள் என்பது தெரியும். ஒருவர் எனக்கு வடை வாங்கித் தந்தார். இன்னொருவர், தன் மாமியும் அக்கரையிலிருந்து நாடகத்துக்கு வருகிறா என்றார். எதிர்ப்பக்கம் தையல்கடையிலிருந்து தங்கச்சி ஒரு சாரத்தையும் சேர்ட்டையும் விரித்துக் காட்டினார். எனக்காகத் தைத்தது. புதுச் சேர்ட்டிலேயே ஒட்டுப்போட்டுப் பழசாக்கியிருந்தார். ஏழையின் உடுப்பு என் உடுப்பைவிட நல்லாக இருந்தது.

"போட்டுப் பாருங்கோ அண்ணா, தோள் சரியோ எண்டு," என்றார். தோளில் தொங்கிய பையை அவர் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பஸ் வந்தது, நின்றது, போனது. நான் கடைக்குள் நின்று தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக்குள் இருந்தபோது காவலுக்கு ஆள் இருந்தது. இங்கே வடை தருகிறார்கள். முள்ளுக்கம்பியை வெட்ட ஒரு குறடு போதும். இதை எதைக் கொண்டு வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு பின்னேரம். காற்றோடு மழை. மழைக்கு ஆட்கள் வரமாட்டார்கள் என்று ஐயா சொல்லிக்கொண்டிருக்கவே கிண்ணியாவிலிருந்து இரண்டு வானில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஊர்ச்சனம் முழுக்க வந்தது. கதிரை போதாமல் நீள வாங்குகள் போட்டார்கள். வாங்குகளும் போதாமல் சுவரோடு சுவராக நின்றார்கள். எங்கள் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் சின்னப்பிள்ளைகள் சப்பாணி கட்டியிருந்தார்கள். நாங்கள் கோட்டுக்குள் போய் இருந்தோம். விளக்கை அணைத்து, எங்களுக்கு மேல் மட்டும் ஒன்றை விட்டார்கள்.

நாடகம் நன்றாகத்தான் போனது. ஐயா நித்திரைகொள்ளவில்லை. கம்பி சிக்கியது, கல்யாணப் பகுதி அழுதது, யாவாரி தன் சாமானைக் கணக்குச் சொன்னார். நான் வழக்கம்போல முருங்கையைத் தேடினேன். முருங்கை இல்லை. அந்த இடத்தில் ஆட்களின் முதுகு. முதுகுகளுக்கு இடையில் கதவுப் பலகை. தூவானம் அடிக்கிறதென்று யாரோ செங்கல்லைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். யாரில் பிழை? நனைகிற மனிசர் சாத்துவார்கள்தான்.

முன் கதவைப் பார்த்தேன். அதுவும் சாத்தி, அதற்கு முன்னால் ஒரு வாங்கு நிறையச் சனம்.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எழும்பினேன். தையல்கடைத் தங்கச்சி, மணப்பெண்ணின் தாயாக, முகூர்த்தம் தப்பப்போகிறதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வசனத்துக்கு நடுவால் நடந்து கோட்டைக் கடந்தேன். இரண்டு பிள்ளைகளைத் தாண்டிவிட்டேன். சனத்துக்கு நாடகம் தெரியாது, இதுவும் அதில் உள்ளதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரியும். கடைசியில் இறங்க வேண்டியவன் பாதியில் இறங்கிவிட்டான். நான் திரும்பி வராவிட்டால் கம்பியை எடுக்க ஆளில்லை. நாடகம் அந்த இடத்தில் நிற்கவேண்டியதுதான்.

முதுகில் கயிறு வந்து விழுந்தது. திரும்பினேன். பாதைக்காரர் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு கோட்டின் விளிம்பில் நின்றார்.

"கம்பி சிக்கினது அந்தப் பக்கம் இல்ல மச்சான்," என்றார். "சும்மா நனையாம ஏறு மேல."

சனம் சிரித்தது. நான் ஏன் கயிற்றைப் பிடித்தேன் என்று தெரியாது. எறிந்தால் பிடிப்பது கைக்குப் பழக்கம். அவர் இழுத்தார், நடிப்புக்கு இழுக்கவில்லை, ஆளையே இழுத்தார். கோட்டுக்குள் வந்ததும் என் தோளைப் பிடித்துச் சாக்கில் இருத்தி, காதுக்குள் என்ன என்று கேட்டார். கதவு என்றேன். அவர் பக்கக் கதவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பாதைக்காரரின் குரலிலேயே சனத்தைப் பார்த்துப் பேசினார். கரையில் நிற்கிறவர்கள் அந்தக் கதவை ஒருக்கால் திறந்துவிடச் சொன்னார். நடுத் தண்ணியில் காற்றில்லாமல் ஆள் ஒன்று மயங்குகிறது என்றார். மறுபடியும் சிரிப்பு. அதுவும் நாடகம் என்று நினைத்து ஒருவரும் அசையவில்லை.

அக்கா சுவரோரம் நின்றார். கோட்டை விட்டு ஒரு விரல் போனாலும் முதலிலிருந்து தொடங்கவைக்கிறவர். அவர் சனத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பக்கக் கதவைத் திறந்தார். காற்று திரும்பச் சாத்தியது. செங்கல்லைக் காணவில்லை. அவர் வெளியே இறங்கி, கதவைச் சுவரோடு தள்ளி, அதில் தன் முதுகைச் சாய்த்து நின்றார். மழை அவருடைய சேலையில் விழுந்தது. உள்ளே கதவடியில் நின்றவர்களும் நனைந்தார்கள். திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்கிய இடைவெளியில் எனக்கு முருங்கை தெரிந்தது.

அவர் நின்ற இடத்திலிருந்து பாதையின் ஒரு மூலைதான் தெரியும். இத்தனை வருசம் போடவேண்டும் என்று நின்ற நாடகத்தின் மிச்சத்தை அவர் அந்த மூலையில்தான் பார்த்தார். அதாவது, பேசாமல் இருந்த என்னைப் பார்த்தார்.

தங்கச்சி விட்ட இடத்திலிருந்து முகூர்த்தத்தைத் தொடங்கினார். சண்டை நடந்தது, சாப்பாடு பங்கிட்டார்கள், யாவாரியான ஐயா தான் ஒளித்துவைத்திருந்த பேரீச்சம்பழத்தைக் கடைசியில் வெளியே எடுத்தார். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். பயம் போகவில்லை. போனது என்று எழுதினால் பொய். ஆனால் இருக்க முடிந்தது.

என் முறை வந்தது. எழும்பி என் வசனத்தைச் சொன்னேன்: "நான் இறங்கிப் பாக்கிறன்." கோட்டைக் கடந்தேன். ஒத்திகையில் சுவரோரம் போய்க் குந்துவேன். அன்றைக்குச் சுவரோரம் இடமில்லை. நேரே நடந்து பக்கக் கதவால் வெளியே இறங்கினேன். ஒழுங்கை. மழை. இடப்பக்கம் போனால் வீதி. ஒருவரும் தடுக்கமாட்டார்கள், என் வேலை முடிந்தது.

அக்கா கதவில் சாய்ந்தபடியே கேட்டார்.

"கம்பி வந்திட்டுதோ?"

"ஓம் அக்கா. எடுத்திட்டன்."

உள்ளே பாதைக்காரர், பாதை அசைகிறது, எல்லோரும் இருங்கோ என்று கத்துவது கேட்டது. நான் வீதிக்குப் போகவில்லை. கூரை ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கைதட்டுகிற சத்தம் தகரத்தில் விழுந்த மழையோடு சேர்ந்து வந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நனைந்த சேலையால் துடைத்ததில் அது இன்னும் மோசமானது.

பிறகு எல்லோரும் சோற்றுப் பார்சல் சாப்பிட்டோம். ஐயா என்னிடம், நடுவில் இறங்கினது புதிதாகச் சேர்த்ததா, தனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபித்தார். உடுப்பை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார் தங்கச்சி. அக்கா ஈரத்தோடு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன்.

"இனி நீங்கள் போகலாம் தம்பி," என்றார். "தட்டம் முடிஞ்சுது."

போகலாம் என்று சொன்னதும் எங்கே என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைச் சொல்லாமல், மழை விடட்டும் என்றேன்.

அடுத்த நாள் காலை கிண்ணியாக்காரர் ஆட்டோவோடு வந்தார். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் அறை ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூட்டிப்போனார். கடலுக்குப் போகும் பெரிய வள்ளங்களுக்கு ஐஸ்கட்டி இழுத்துக் கொடுக்கிற வேலை. மேற்பார்வைக்காரர் அறையைத் திறந்து காட்டினார். மெத்தை அளவு தடித்த கதவு. உள்ளே வெள்ளைப் புகையும் இருட்டும். முன்பு வேலை செய்த ஆள் குளிர் தாங்காமல் நின்றுவிட்டான், உனக்கு ஏலுமோ என்று கேட்டார்.

குளிர் பரவாயில்லை, கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆட்டோக்காரர் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தார். உள்ளுக்கும் பிடி இருக்கிறது என்றார் மேற்பார்வைக்காரர். நான் உள்ளே போய் அவரைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார். இருட்டில் பிடியைத் தடவித் தேடி, தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தேன். இன்னொருமுறை சாத்தச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டே சாத்தினார். மறுபடியும் திறந்து வந்தேன்.

சரி என்றேன். ஐஸ்கட்டி இழுக்கிற கொழுக்கியைத் தந்தார்கள். முதல் வள்ளம் ஏற்கெனவே காத்துக்கொண்டு நின்றது.